குழைசேறும் அயர்லாந்துச் சேறும்

(சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மக்களுக்குச் சேற்றைப் பற்றி எவரும் வந்து பாடஞ் சொல்ல வேண்டுவதில்லை. மேற்கே பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் உப்பிப் பிசுபிசுத்து, நடப்பவன் காலிலும் மாட்டின் குளம்பிலும் வண்டிச் சக்கரத்திலும் அப்பிக்கொண்டு ஏறும். தெற்கே திருமானூர், திருமழபாடிப் பக்கத்துக் கொள்ளிடக் கரையின் நன்செய்ச் சேறோ அதற்கு முற்றும் வேறானது. அது காலில் அப்பாது; காலை உள்ளே வாங்கும். முன்னது பருத்தியும் சோளமும் விளைக்கும் சேறு. பின்னது நெல் விளைக்கும் சேறு. 1995-ஆம் ஆண்டுவரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உறுப்பாக இருந்து, பின்னர்ப் பெரம்பலூர் மாவட்டமாகி, இடையில் ஒருமுறை பிரிந்து மீண்டும் கூடி, 2007 நவம்பர்த் திங்கள் முதல் இரண்டு தனி மாவட்டங்களாக விளங்கும் இந்நிலத்தில், இவ்விரண்டு சேற்றையும் ஒரே பெயரால் அழைக்கும் உழவர் ஒருவரும் இலர்.

ஆனால் இதே ஊர்ப்பக்கத்துப் பள்ளிப்பிள்ளை ஒருவன் ஓர் ஆங்கில–தமிழ் அகரமுதலியைப் புரட்டட்டும். ‘மார்சு’ என்றால் சதுப்புநிலம். ‘சுவாம்ப்பு’ என்றாலும் சதுப்புநிலம். ‘ஃபென்’ என்றாலும், ‘மொராசு’ என்றாலும், ‘பாக்’ என்றாலும் அதே சதுப்புநிலந்தான். ஆங்கிலத்தில் ஐந்து சொல்; தமிழில் ஒரு சொல். பிள்ளை என்ன நினைப்பான்? ஆங்கிலம் சொல்வளம் மிக்கது, தமிழோ ஏழை என்றுதானே நினைப்பான்? இந்த ஒரு நினைப்பே ஒரு தலைமுறையைத் தாய்மொழியிலிருந்து பெயர்த்தெடுக்கப் போதுமானது. எனவே அந்த ஐந்து சொல்லும் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

‘மார்சு’ என்பது பழைய செருமானிய இனச்சொல். கடல், ஏரி ஆகியவற்றைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. அதே சொல் பழங்காலத்திலேயே பிரஞ்சு மொழிக்குள் சென்று, அங்கிருந்து ஒல்லாந்தர் மொழிக்குள் புகுந்து, 17-ஆம் நூற்றாண்டில் ‘மொராசு’ என்னும் பெயரோடு ஆங்கிலத்திற்கு வந்து சேர்ந்தது. வீட்டுப்பிள்ளை ஊர்சுற்றி வேற்றுடை அணிந்து திரும்பியபோது, வீட்டார் அடையாளந் தெரியாமல் விருந்தினனாக ஏற்றுக்கொண்ட கதை இது. சேற்றைக் குறிக்கும் ‘மையர்’ என்னும் சொல் வடகடல் வழியே படையெடுத்து வந்த நார்வேத் திசையாரின் மொழியிலிருந்து வந்தது. ‘சுவாம்ப்பு’ என்பது நூல்வழக்கில் ஏறியது 1624-ஆம் ஆண்டில். சான் சுமித்து என்னும் கடலோடி, அமெரிக்காவின் வர்சீனியாக் குடியேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் அது காணப்படுகிறது. ‘ஃபென்’ ஒன்றுதான் வீட்டைவிட்டு வெளியே போகாத பழைய ஆங்கிலச்சொல். அதற்கு ஆங்கிலரின் பழம்பொருள் சேறு என்பதே.

எஞ்சியிருப்பது ‘பாக்’. அதன் வரலாற்றைத்தான் விரிவாகக் கேட்க வேண்டும்.

இச்சொல் ஆங்கிலருடையது அன்று. அயர்லாந்து மக்களின் ஐரிய மொழியிலும், அதன் உடன்பிறப்பாகிய சுகாத்துலாந்துக் கேலிக்கு மொழியிலும் ‘பொக்’ என்றால் மென்மையானது, நெகிழ்ந்தது என்று பொருள். அதனின்று பிறந்த ‘பொகாக்’ என்பது மெல்லிய நிலம், கால் புதையும் நிலம். 1500-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலர் அதை எடுத்துக்கொண்டனர். 1755-இல் வெளிவந்த சான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகரமுதலியிலேயே, மென்மை என்னும் பொருளுடைய ஐரியச் சொல் இதன் மூலம் என்று குறிக்கப்பட்டுவிட்டது. ஆகவே இது ஏதோ அயர்லாந்து நாட்டுப்பற்றாளர் கட்டிவிட்ட கதையன்று. ஆங்கில அகரமுதலியாளரே ஒப்புக்கொண்ட உண்மை.

இதில் ஒரு வியப்பும் உண்டு. அயர்லாந்து உழவர் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டியெடுக்கும் அந்த அகன்ற சேற்றுவெளியைத் தம் மொழியில் ‘போர்த்தாக்’ என்பர். அதிலிருந்து வெட்டும் கரிமண்ணை ‘மோன்’ என்பர். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் அவர்களிடம் இருந்தது. ஆங்கிலர் அவற்றை விட்டுவிட்டு, மென்மையானது என்னும் ஒரு பண்புச்சொல்லைப் பற்றிக்கொண்டு அதையே நிலத்தின் பெயராக்கிக்கொண்டனர். வந்தவனுக்கு அந்நிலத்தில் தெரிந்தது ஒன்றுதான்: அவன் கால் புதைந்தது, குதிரை புதைந்தது, படைவண்டி புதைந்தது. ஆட்சியாளன் கண்ணுக்கு நிலத்தின் பயன் படுவதில்லை. அது தனக்குத் தரும் இடையூறே படுகிறது.

அச்சொல்லை எடுத்துக்கொண்ட ஆங்கிலர், அச்சொல்லுக்கு உரிய மொழியை என்ன செய்தனர்? 1366-ஆம் ஆண்டு கில்கென்னி என்னும் ஊரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலர் ஐரிய மொழி பேசலாகாது. பேசினால் அவர்தம் நிலம் பறிக்கப்படும் என்றது அச்சட்டம். ஆங்கிலத்தைக் காக்க எழுந்த அச்சட்டம் எந்த மொழியில் எழுதப்பட்டது தெரியுமா? பிரஞ்சு மொழியில்! ஏனெனில் அந்நாளில் ஆங்கில நாட்டு ஆள்வோரின் சட்டமொழி பிரஞ்சாகவே இருந்தது. தன் வீட்டில் தானே ஒண்டுக்குடியாக இருந்தவன், அயல்வீட்டுக்காரனை வாய்திறக்காதே என்று அதட்டிய கதை!

17-ஆம் நூற்றாண்டில் அச்சொல் வசைச்சொல்லாகவும் மாறியது. அயர்லாந்து மக்களைச் சேற்றில் உழல்வோர் என்னும் பொருளில் ‘பாக்-திராட்டர்’ என்று ஆங்கிலர் ஏசினர். அவர்தம் சொல்லையே எடுத்து, அதை அவர்தம் முகத்திலேயே எறிந்தனர். பின்னாளில் அச்சொல் இன்னும் இழிந்து, கழிப்பறையைக் குறிக்கும் கொச்சைச்சொல்லாகவும் ஆங்கிலத்தில் ஆயிற்று. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து மக்கள் பத்து இலக்கம் பேர் மாண்டனர்; ஏறத்தாழ அதேயளவினர் கப்பலேறினர். 1841-இல் 82 இலக்கமாக இருந்த மக்கள்தொகை, 1851-இல் 65 இலக்கம் அளவிற்கு இறங்கியது. மாண்டவரிலும் வெளியேறியவரிலும் ஐரிய மொழி பேசிய ஏழை உழவரே மிகுதி. 1893-இல் தக்ளசு ஐடு முதலியோர் கேலிக்கு மொழிக் கழகம் நிறுவினர். 1922-இல் அயர்லாந்து தன்னாட்சி பெற்றது. 1937-ஆம் ஆண்டு அரசியல் யாப்பு ஐரிய மொழியையே முதல் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பள்ளிக்கு வெளியே அம்மொழியை நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே. அதே நேரத்தில் ‘பாக்’ என்னும் அச்சொல்லோ, ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் கோடிக்கணக்கானோர் நாவில் வாழ்கிறது. சொல் பிழைத்தது, மொழி நலிந்தது. பிறமொழியிற் புகுந்த சொற்கள் தமிழின் பெருமை என்று மேடைதோறும் பட்டியல் படிப்போர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் ஆங்கிலத்தில் ஏறியது பெருமைதான். ஆனால் அது மொழிக்குக் காப்பு ஆகாது.

இனி, ‘பொக்’ என்னும் ஐரியச் சொல்லின் வேர். வளைதல், வணங்குதல் என்னும் பொருளுடைய பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து அது பிறந்ததென்று மொழிநூலார் கொள்வர். வில்லைக் குறிக்கும் ஆங்கில ‘போ’ என்னும் சொல்லும் அவ்வேரினதே. வளைவது எதுவோ அது விறைப்பற்றது. விறைப்பற்றது எதுவோ அது மென்மையானது. மென்மையான நிலம் எதுவோ அது சேறு. இப்படி மூன்று படி இறங்கி வந்திருக்கிறது அச்சொல்.

இங்கே ஒரு வழுக்குப்பாறை உண்டு. தமிழில் சேறு என்னும் சொல்லுக்குப் பாகு என்றும் பொருள் உண்டு. ஆங்கிலத்தில் சேற்றுநிலத்திற்குப் பெயர் ‘பாக்’. உடனே ஆர்வலர் சிலர் துள்ளியெழுந்து, ‘பாகே பாக் ஆயிற்று, ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழே தாய்’ என்று கைதட்டுவர். இன்னொருவர் பொய்கையைக் கொண்டுவந்து நிறுத்துவார். கூடாது! ஓசை ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. ஒரு சொல் எந்த நூற்றாண்டில், எந்த மக்களிடமிருந்து, என்ன பொருளோடு, எந்த வடிவில் வந்தது என்னும் வரலாறு கண்முன் கிடக்கும்போது, அதை மறைத்துவிட்டு ஓசையைக் காட்டுவது தமிழ்ப்பற்றன்று. அது தமிழின் மெய்யான பெருமைக்கும் ஐயம் விளைப்பது. ஒரு பொய்யை மெய்யுடன் கலந்தால், மாற்றார் அப்பொய்யைக் காட்டி மெய் முழுவதையும் தள்ளிவிடுவர். இவ்வியக்கத்திற்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

உண்மையான ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. அது ஓசையில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது. தமிழில் ‘குழை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கொடி குழைகிறது என்றால் துவண்டு வளைகிறது. காதில் வளைந்து தொங்கும் அணி குழை. துளிர்த்து நெகிழ்ந்து நிற்கும் தளிர் குழை. சோறு குழைந்துவிட்டது என்றால் விறைப்பிழந்து மென்மையாகிவிட்டது. சந்தனத்தைக் குழைப்பதும் மண்ணைக் குழைப்பதும் கட்டியை நெகிழ்த்துவதே. முடிவில், கால் வைத்தால் இடங்கொடுக்கும் மெல்லிய சேறு ‘குழைசேறு’. வளைவு, மென்மை, சேறு! அயர்லாந்தின் சொல் இறங்கிய அதே மூன்று படியிலும் தமிழ்க் குழையின் பொருள்கள் நிற்பதைக் காண்க. ஒன்று மற்றொன்றுக்குத் தாயன்று, மகளுமன்று. மழையும் மண்ணும் உழைப்பும் உள்ள இரண்டு மக்களினங்கள், ஒன்றையொன்று கண்டறியாமலே, ஒரே வகையில் எண்ணியிருக்கின்றன. இவ்வொப்புமை பொய்யான தாயுரிமையைவிடச் சுவையானது. எவராலும் மறுக்க முடியாததும்கூட.

குழைசேறு ஒன்றுதானா தமிழில்? கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி என்னும் ஊர் இருக்கிறது. இத்தாலி நாட்டிலிருந்து வந்து வீரமாமுனிவர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட பெசுகி அடிகள் வாழ்ந்து பணியாற்றிய ஊர் அது. செய்யுள் வடிவில் மனப்பாடமாகக் கிடந்த நிகண்டுச் சொற்களை அகரவரிசையில் அடுக்கிச் சதுரகராதி என்னும் நூலை 1732-இல் ஆக்கித் தந்தவர் அவர். தமிழ்ச்சொற்களை அடுக்கிவைக்க அயல்நாட்டார் ஒருவர் முனைந்த இம்மாவட்டத்திலேயே, சேற்றுச் சொல் எத்தனை உண்டு என்று தமிழர் திகைத்து நிற்பது நாணத்தக்கது. நிகண்டுகள் சேற்றுக்கு ஒரு பெயர்க்கொத்தையே வைத்திருக்கின்றன.

‘அள்ளல்’ என்பது ஒன்று. ‘அள்’ என்றால் செறிவு. நெருங்கிச் செறிந்து, காலைப் பற்றிக்கொள்ளும் சேறு அள்ளல். ‘அளறு’ என்பது அதனினும் ஆழ்ந்தது. விழுந்தவன் எழ முடியாதது. அதனாலன்றோ திருவள்ளுவர், பிறர் நரகம் என்று சொல்வதை அளறு என்னும் தனித்தமிழ்ச் சொல்லால் மூன்று குறட்பாக்களில் குறித்தார்! ‘உளை’ என்பது இன்னொன்று. உளைச்சேறு என்றும் வழங்கும். உளையில் சிக்கிய வண்டியைக் கிளப்பியவர்க்கு உளைச்சல் என்னும் சொல்லுக்கு உரை வேண்டா. ‘தொளி’ என்பது உழுது நீர்கட்டிக் கலக்கிய வயற்சேறு. ‘சேடை’ என்பது நாற்று நடுவதற்கென நீர் தேக்கி உழுது பரம்படித்துச் செப்பஞ்செய்த வயலின் நிலை. சேடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்பது கொள்ளிடக் கரை உழவர் வழக்கு. ‘சகதி’ என்பது தெருவிலும் கொல்லையிலும் மழைக்குப்பின் மிதிபட்டுக் கிடப்பது. ‘சதுப்பு’ என்பதும் தமிழே. மலையாளத்தாரும் அவ்வாறே வழங்குவர். தரை சதசதவென்று இருக்கிறது என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டவர்க்கு, அச்சொல்லின் உறவு செவிக்கே புலப்படும். மேலேயிருந்து நீர் வழியாமல், அடியிலிருந்து நீர் கசிந்து ஊறிய தரை அது.

‘பழனம்’ என்பதோ வேறு வகையினது. நீர் நிலைத்து, நாணலும் ஆம்பலும் மண்டி, மீனும் பறவையும் பெருகி, விளைச்சலும் தருகின்ற மருதநிலப் பரப்பு பழனம். கொள்ளிடத்திற்கு அப்பால் திருவையாற்றையடுத்துத் திருப்பழனம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. சேற்றுநிலத்தின் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்னும் அடைமொழி! ஆங்கிலத்தில் சேற்றுநிலச் சொல் கழிப்பறைக்குப் பெயராயிற்று. தமிழில் அது திருக்கோயில் ஊர்ப்பெயராயிற்று. சேறு என்னும் சொல்லே பாகையும் இனிமையையும் சேர்த்துக் குறிப்பதை முன்னமே கண்டோருக்கு இது புதிதன்று. சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்க முடியும் என்று வாழ்ந்த மக்களுக்குச் சேறு செல்வம். சேற்றிலிருந்து தீய காற்று எழுந்து காய்ச்சலைத் தருகிறது என்று நம்பிய இத்தாலியரோ, தீக்காற்று என்னும் பொருளில் ‘மலேரியா’ என்று நோய்க்குப் பெயரிட்டனர். கொசுதான் அதைப் பரப்புகிறது என்பது 1897-இல் செகந்திராபாத்தில் உரொனால்டு உராசு ஆய்ந்து காட்டும்வரை உலகிற்குத் தெளிவாகவில்லை. பெயர் மட்டும் இன்றளவும் காற்றின்மேல் பழிசுமத்திக்கொண்டு நிற்கிறது.

ஆனால் அயர்லாந்துக்கு நேர்ந்தது தமிழ்நாட்டுக்கு நேரவில்லை என்று எவரும் மார்தட்டிக்கொள்ள வேண்டா. ‘புறம்போக்கு’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். அது தூய தமிழ்ச்சொல். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, வண்டிப்பாதை, சுடுகாடு என, எவர்க்கும் தனியுடைமை ஆகாமல், தீர்வைக்கு உட்படாமல், ஊர் முழுமைக்கும் உரியதாக ஒதுக்கிய நிலம் புறம்போக்கு. ஆங்கில ஆட்சியின் நிலவரித் துறை இச்சொல்லை அப்படியே எடுத்துத் தன் ஆங்கிலப் பதிவேடுகளில் எழுதிக்கொண்டது. வரி கொடாத நிலம் வரித்துறைக்குப் பயனற்ற நிலம். இன்று தெருச்சண்டையில் ஒருவனை மற்றவன் புறம்போக்கு என்று ஏசுகிறான். பொதுநிலத்தின் பெயர் வசையாயிற்று! ‘பாக்-திராட்டர்’ என்னும் வசைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? ஒன்றே ஒன்றுதான். அங்கே ஏசியவன் அயலான். இங்கே ஏசுபவன் அச்சொல்லுக்கு உரியவனே.

சொல் இழிந்தால் நிலமும் இழிகிறது. சென்னையின் தென்புறத்துப் பள்ளிக்கரணைச் சேற்றுவெளி அதற்குச் சான்று. அதற்கு மக்கள் வழங்கிய பழம்பெயர் கழிவெளி. கழி என்றால் கடல்நீரும் மழைநீரும் கலந்து நிற்கும் காயல். விடுதலைக் காலத்தில் ஏறத்தாழ 5,500 எக்டேர் பரந்திருந்த அவ்வெளி, 2010-ஆம் ஆண்டளவில் 600 எக்டேர் அளவிற்குச் சுருங்கிவிட்டதாகக் கணக்கிடப்பட்டது. பெருங்குடிப் பக்கம் நகரின் குப்பைமேடு எழுந்தது; மறுபக்கம் அடுக்குமாடிகள் எழுந்தன. கழிவெளி என்பதன் பொருளை மறந்த தலைமுறை, அது கழிவுக்கான வெளி என்று புரிந்துகொண்டதோ என்று ஐயுறும்படி இருக்கிறது நடந்த செயல். 2015-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் தென்சென்னையின் தெருக்களில் நின்ற நீர், தான் தங்கிவந்த இடத்தைத் தேடி வந்த நீர். 2022-இல் எஞ்சிய பகுதி உலக ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் ஏறிற்று. 1971-இல் ஈரான் நாட்டின் இராம்சார் என்னும் நகரில் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது.

அதே பட்டியலில் 2024-ஆம் ஆண்டு சனவரியில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியும் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. கரை, வெட்டு என்னும் இரண்டு சொல்லும் எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்கும் விளங்குவன. ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புள்ள நன்னீர் ஏரி அது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் அதற்கு வருகிறது. அதனின்று சுற்றுவட்டாரத்து நெல்லும் கரும்பும் விளைகின்றன. 1999-இல் அது பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நடு ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே குளிர்காலம் கழிக்கிறது. நீர் நிறைந்திருக்கும்போது அது ஏரி. கோடை நெருங்க நெருங்க நீர் பின்வாங்கி, ஓரம் முழுவதும் அள்ளலாகிறது. அந்த அள்ளலில்தான் உள்ளான் இரை கிளறுகிறது. நத்தைகுத்தி நாரை நத்தை தேடுகிறது. ஏரியை ஆழப்படுத்துகிறோம் என்று ஓரத்தை வெட்டிச் செங்குத்தாக்கினால் நீர் இருக்கும், அள்ளல் இராது. அள்ளல் இல்லையேல் உள்ளான் இராது. ஒரு சொல் பாதுகாக்கப்படுவதும் ஒரு பறவை பாதுகாக்கப்படுவதும் வெவ்வேறு வேலை என்று நினைப்போர் அவ்வோரத்தை ஒருமுறை கண்டுவர வேண்டும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். அறிவியலார் அவ்வைந்தில் நான்கு ஆங்கிலச் சொல்லுக்குத் தனித்தனிப் பொருள் வகுத்துவிட்டனரே, தமிழ் என்ன செய்யும் என்பது அத்தடை. உண்மைதான். பல மொழியிலிருந்து வந்த சொற்களை ஆங்கிலர் வீணாக விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்தனர். மரம் அடர்ந்த சேற்றுநிலம் சுவாம்ப்பு. புல்லும் கோரையும் வளர்வது மார்சு. ஊற்றுநீரால் நனைவது ஃபென். மழைநீர் ஒன்றையே உண்டு, பாசி மடிந்து மட்காமல் கரிமண்ணாகக் குவிவது பாக். பிறரிடம் கற்கத்தக்கது இந்த ஒழுங்கே. சொல்லைக் கடன் வாங்குவதன்று. இருக்கும் சொல்லுக்கு வேலை கொடுப்பது.

அவ்வகையில், கோரை வளரும் நன்னீர்ப் பரப்புக்குப் பழனம் என்பதையும், கடலையொட்டிய உவர்ப்பரப்புக்குக் கழிவெளி என்பதையும், அடியூற்றால் நனையும் தரைக்குச் சதுப்பு என்பதையும் வரையறுத்துக்கொள்ளத் தடை என்ன? கடலோர மரச்செறிவுக்குக் கண்டல், அலையாத்தி என்னும் பெயர்கள் முன்னமே உண்டு. சேற்றுமரமாகிய தில்லையின் பெயரே சிதம்பரத்தின் பழம்பெயராக நிற்கிறது. கரிமண் குவிந்த ‘பாக்’ நிலம் தமிழ்நாட்டின் சமவெளியில் இல்லை. நீலமலையின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் இருக்கிறது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த கரிமண்ணை ஆய்ந்து பழங்காலத் தட்பவெப்பத்தை அறிஞர் கணித்துள்ளனர். அந்நிலத்திற்குக் குழைசேறு என்னும் சொல்லைச் சற்று மாற்றிக் ‘கரிக்குழை’ என்று வழங்கலாம். இதைவிட நல்ல சொல் அம்மலையில் வாழ்வோர் வாயிலேயே இருக்குமானால் அதையே கொள்ள வேண்டும். ஆக்கிய சொல்லைவிட வாழ்ந்த சொல் மேலானது.

கரிமண் என்றதும் செயங்கொண்டத்தார் நினைவுக்கு வருவது பழுப்பு நிலக்கரி. அயர்லாந்தின் கரிமண் பனி உருகியபின் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் படிந்த இளங்குழவி. செயங்கொண்டத்து மண்ணுக்கடியில் கிடப்பதோ, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேற்றுக்காடுகள் மடிந்து புதைந்து இறுகிய முதுகரி. அதை எடுப்பதற்கென 1990-களில் அச்சுற்றுவட்டாரத்து உழவரின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன, கரி எடுக்கப்படவில்லை, இழப்பீட்டுக்காக உழவர் நெடுங்காலம் வழக்காட நேர்ந்தது. புதைந்த சேறுகூட மக்களை உளைச்சலில் ஆழ்த்த வல்லதாக இருக்கிறது.

சொற்களைத் தொகுப்பதற்கு அரசு முயற்சி இல்லாமற் போகவில்லை. மொழிஞாயிறு பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கப்பட்டது. அவர் 1981 சனவரியில் மறைந்தபின், 1985-இல் அதன் முதல் மடலம் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகரமுதலியோ 1936-லேயே நிறைவுற்றது. ஆயினும் நூலில் ஏறிய சொல் நாவிலிருந்து இறங்கிவிடுமானால் பயன் என்ன? இன்று சேற்றுழவுக்கு மாடு இல்லை. இரும்புச் சக்கரம் மாட்டிய உழவுந்து ஓரிரு மணி நேரத்தில் வயலைக் கலக்கிவிட்டுப் போகிறது. ஏர் பிடித்து ஒரு நாள் முழுவதும் சேற்றில் நின்றவர்க்கு, சேறு ஒவ்வொரு சாலிலும் மாறும் நிலைக்கு ஒவ்வொரு சொல் வேண்டியிருந்தது. உழவுந்தின்மேல் அமர்ந்து செல்பவர்க்கு அது வேண்டியதில்லை. தொளி, அண்டைவெட்டு, தழைமிதி என்னும் சொற்களை முழுப்பொருளோடு அறிந்தவர்க்கு இன்று அறுபது அகவைக்கு மேலாகிறது.

எனவே இளந்தோழர்கள் செய்ய வேண்டியது கடினமான வேலையன்று. ஆவணி, புரட்டாசியில் கொள்ளிடக் கரை ஊர்களில் சம்பா நடவுக்குச் சேடை கட்டுவர். ஐப்பசி, கார்த்திகையில் பெரம்பலூர்க் கரிசல் நனைந்து கிடக்கும். அவ்விரண்டு பருவத்திலும் ஒரு குறிப்பேட்டோடு வயலுக்குச் செல்லுங்கள். வரப்பிலே நின்று கேட்காதீர்கள், உள்ளே இறங்குங்கள். கணுக்கால்வரை புதைந்தால் அதற்கு என்ன பெயர், முழங்கால்வரை புதைந்தால் என்ன பெயர், கால் வழுக்கினால் என்ன, ஒட்டினால் என்ன, மாடு இறங்க மறுக்கும் இடத்திற்கு என்ன பெயர் என்று அங்கிருக்கும் முதியவரையும் நடவுப் பெண்டிரையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன ஓசையிலேயே எழுதி, ஊர்ப்பெயரையும் திங்களையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.